நான்கு மில்லிமீட்டர் மூச்சுவழி



மருத்துவத்தில் புதிதாக வந்திருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். குழந்தைகளின் மூச்சுவழி அடைபடும் அவசரத்துக்கு மெய்நிகர்ப் பயிற்சி, அதாவது விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழகும் பயிற்சி, என்று தலைப்புக் கொடுத்தேன். அப்படியானால் சென்னையிலேயே ஒரு கல்லூரியில் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒரு நண்பர். மரக்காணத்தில் பேசுவதாக இருந்தால்தான் வருவேன் என்றேன். ஏன் என்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு, ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே உப்புக் குவியல்கள் கண்ணில் பட்டுவிடும். பக்கிங்காம் கால்வாய் தன் தென்கோடியைத் தொடும் ஊர் இது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அத்தனை பழைய ஊரில், அத்தனை பழைய தொழிலை இன்றும் வெறுங்காலோடு செய்கிறவர்கள் உங்களில் பாதிப் பேர். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. ஆகவே விடியும் முன்பே கைவிளக்கோடு கிளம்பிவிடுகிறீர்கள். வீட்டில் தூங்கும் குழந்தை ஆயாவின் பொறுப்பில் இருக்கும். ஆயா இல்லாத வீட்டில் எட்டு வயது அக்காவின் பொறுப்பில் இருக்கும். அந்த நேரத்தில் அந்தக் குழந்தைக்கு மூச்சடைத்தால் அருகில் இருக்கப்போகும் கை யாருடையது? அடுத்து அந்தக் குழந்தை போய்ச் சேரும் கை யாருடையது? என் பேச்சு முழுவதும் அந்த இரண்டு கைகளைப் பற்றியதுதான்.

குழந்தை மருத்துவ நிபுணர் வேண்டுமென்றால் இங்கிருந்து தெற்கே புதுச்சேரி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மேற்கே திண்டிவனமும் கிட்டத்தட்ட அதே தூரம். சாலை நன்றாக இருக்கும் நாளில் முக்கால் மணி நேரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று எந்தச் சாலை எங்கே இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். மூச்சு முழுதாக அடைபட்ட குழந்தையின் மூளை நாலைந்து நிமிடத்தில் சேதமடையத் தொடங்கிவிடும். முக்கால் மணி நேரத்தையும் நாலைந்து நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தையின் விதியை எழுதுவது நிபுணர் அல்ல.

திண்டிவனம் என்றதும் எனக்கு வேர்க்கடலை நினைவுக்கு வரும். அங்கே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடெங்கும் விதைக்கப்பட்ட டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருக்கும் டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். நல்ல பயிர், ஏழைக்குப் புரதம், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தியாவில் சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் முதலிடம் வேர்க்கடலைக்கே. கடைவாய்ப்பல் முளைக்காத குழந்தை அதைக் கடித்து அரைக்காது, வாயில் உருட்டும். உருட்டும்போது சிரித்தாலோ அழுதாலோ விழுந்தாலோ, பருப்பு காற்றோடு உள்ளே போய்விடும். போனது சும்மாவும் இருக்காது. ஈரத்தில் ஊறிப் பருக்கும், அதன் எண்ணெய் சுற்றுச்சுவரைப் புண்ணாக்கும். புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, கொட்டைப்பாக்குத் துண்டு, பொம்மையின் பட்டன் பேட்டரி, வெடித்த பலூனின் ரப்பர் என்று என் பணிக்காலத்தில் பார்த்ததை அடுக்கிக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் தாமும் தம் சகாக்களும் மனிதரின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருள்களைச் சேர்த்துவைத்தார். ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் அவை இழுப்பறைகளில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பல, யாரோ ஒருவரின் மூச்சை நிறுத்தப் பார்த்த பொருள்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், அவர்களே போட்டுவிடுவார்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம், பென்சிலின் தடிமனில் கிட்டத்தட்டப் பாதிதான். சளியாலோ வீக்கத்தாலோ உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடித்தால் மிச்சம் 2 மில்லிமீட்டர். அகலம் பாதியாகிவிட்டது என்று நினைப்போம். காற்றுக்கு அது பாதி அல்ல. குழாய் வழியாக நீர்மம் ஓடுவதை அளந்த 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் புவாஸேயின் விதிப்படி, ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. பெரியவர்களின் 8 மில்லிமீட்டர் குழாயில் அதே 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை 3 மடங்குதான். எனக்கும் உங்களுக்கும் தொண்டைக் கட்டு, குழந்தைக்கு உயிர்ப் போராட்டம். இந்தக் கணக்கும் குழந்தை அமைதியாக மூச்சு விடும்போது உள்ள கணக்கு. அழுதால் காற்று சுழித்து ஓடும். தடை இன்னும் ஏறும். அதனால்தான் தொண்டை வீங்கிய குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக் கட்டிலில் கிடத்தி, வாயைத் திறந்து டார்ச் அடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். மடியில் இருக்கட்டும், மடியிலேயே ஆக்சிஜன் காட்டுங்கள். அந்த மடி ஒரு சிகிச்சை.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் இதயத்தின் கோளாறால். குழந்தைகளுக்கு அப்படி இல்லை. முதலில் மூச்சு தளர்கிறது, ஆக்சிஜன் குறைகிறது, துடிப்பு மெதுவாகிறது, கடைசியில்தான் இதயம் நிற்கிறது. அந்த வரிசையின் தொடக்கத்தில் ஒரு கை குறுக்கே வந்தால் மீதி எதுவும் நடக்காது.

அப்படிக் குறுக்கே வந்த ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. கடலோரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை, பெயர் வேண்டாம். இரவு ஒன்றரை மணிக்குப் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகச் சளி. பால் இறங்கவில்லை என்று முந்தின நாள் தொக்கம் எடுக்க, அதாவது உள்ளே சிக்கியதை எடுத்துவிடுவதாகச் சொல்லும் நாட்டு வைத்தியத்துக்கு, கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தத் தாயை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பால் குடிக்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்த உதவியை நாடியிருக்கிறாள். மேசையில் கிடத்தும்போது குழந்தை முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி பள்ளமாக விழுந்தது. நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முனகல் நின்றது. நெஞ்சும் நின்றது. உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிற்று.

தொண்டைக்குள் குழாய் வைக்க லாரிங்கோஸ்கோப்பை எடுத்து விரித்தேன். விளக்கு எரியவில்லை. மூடித் திறந்தேன். தட்டினேன். எரியவில்லை. பிற்பாடு கைப்பிடியைத் திருகிப் பார்த்தபோது பேட்டரி கசிந்து, உள்ளே இருந்த செம்பு வில் பச்சைப் பிசுக்காகப் பூத்துக் கிடந்தது. உப்புக்காற்று இந்தக் கடற்கரையில் கதவுக் கீலை என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு அது தெரியாது. கையில் எரியாத ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டரம்மா, அதைக் கீழ வைங்க. அந்தத் துண்டை எடுங்க" என்றார் இரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியர். துண்டை ஒரு விரல் தடிமனுக்கு மடித்துக் குழந்தையின் தோளுக்கு அடியில் செருகினார். கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. சமதரையில் படுத்தால் தலை முன்னே மடிந்து மூச்சுவழி நெரிபடும். தோள் ஒரு விரல் உயர்ந்தால் மூக்கு கூரையைப் பார்க்கும், வழி நேராகும். பிறகு மாஸ்க்கை வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து நின்றன, மற்ற மூன்றும் தாடை எலும்பின் மேல். எலும்பின் மேல் மட்டும். தாடைக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற சதையில் விரல் பட்டால் நாக்கை மேலே தள்ளி நாமே வழியை அடைத்துவிடுவோம். மறுகையால் மூச்சூட்டும் பையான ஆம்பு பேக்கை அமுக்கினார். பலூனைப் போல அமுக்கவில்லை. நெஞ்சு லேசாக எழுந்தது தெரிந்ததும் விட்டுவிட்டார். அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு. வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தார். ஏழெட்டு முறைக்குள் உதட்டின் நிறம் திரும்பியது. திரும்பும்போது மூக்கின் ஓரத்திலிருந்து தொடங்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஊர்தி வந்து பெரிய மருத்துவமனை போய்ச் சேரும் வரை அவர் கை அந்த மாஸ்க்கைவிட்டு எடுபடவில்லை. குழந்தை பிழைத்தது.

எப்படிச் சிஸ்டர் இவ்வளவு நிதானமாக இருந்தீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில குழந்தைகள் வார்டுல ஆறு வருஷம் இருந்தேம்மா. அங்க தினமும் இதுதான்" என்றார். அந்தப் பதிலை நான் முப்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் பார்த்தவருக்குக் கை வந்தது. தினமும் பார்க்காதவருக்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் இப்படி ஒரு குழந்தையை இரண்டு வருடத்தில் ஒரு முறை பார்க்கலாம். பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தாலும் உயிர்மீட்புத் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கிவிடுகிறது என்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. நோயாளி அரிதாக வருகிற இடத்தில்தான் நிபுணரும் தொலைவில் இருக்கிறார். ஆகவே, எங்கே கை மிகவும் தேவையோ அங்கே கை மிக விரைவில் மறக்கிறது.

அரிதாக வருகிற ஆபத்துக்கு எப்படிப் பழகுவது என்ற கேள்வி மருத்துவத்துக்கு முன்பே விமானத்துக்கு வந்தது. 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தம் தந்தையின் தொழிற்சாலையில் கிடந்த ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக்கொண்டு தரையிலேயே ஆடிச் சாயும் ஒரு விமானப் பெட்டியைச் செய்தார். யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934-இல் அஞ்சல் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தபோது, மோசமான வானிலையில் பறந்து பழகாதவர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்தப் பெட்டியை வாங்கினார்கள். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால், தண்ணீரில் மூழ்கிய தம் சின்ன மகனைத் தூக்கி மூச்சுவழியைத் துப்புரவாக்கிக் காப்பாற்றியவர். வாயோடு வாய் வைத்து ஊதிப் பழகுவதற்கான ஆன் என்ற பொம்மையை 1960-இல் அவர்தான் கொண்டுவந்தார். மூச்சூட்டும் பைக்கும் ஒரு கதை உண்டு. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சு நின்ற பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இரவும் பகலும், வாரக்கணக்கில். அதே நகரத்தில் மயக்க மருந்து மருத்துவர் ஹென்னிங் ரூபன், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாவிட்டாலும் தானே உப்பிக்கொள்ளும் பை ஒன்றை உருவாக்கி 1956-இல் வெளியிட்டார். அன்றிரவு அந்தச் செவிலியர் கையில் இருந்தது அதன் வழிவந்ததுதான்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் பேராசிரியர் இந்துமதி சந்தானம், குழந்தைகளுக்கென்று தனி அவசரப் பிரிவை வளர்த்தெடுத்தவர். நோயின் பெயரைத் தேடி ஓடுவதற்கு முன் மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு என்று வரிசையாகப் பார்க்கும் ஒழுங்கை ஏராளமான மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அதற்கென்றே பாடநூலும் எழுதினார். தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ. திட்டத்தில் மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், நஞ்சு ஆகியவற்றோடு குழந்தைகளின் உயிர்மீட்பும் ஒரு தூணாக இருக்கிறது என்றால் அதில் எழும்பூரின் கை இருக்கிறது. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஊர்தியும், 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாகக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்த ஐந்துநோய்த் தடுப்பூசியும் சேர்ந்து எத்தனை தொண்டைகளைத் திறந்துவைத்திருக்கின்றன! ஆக, நம்மிடம் அறிவு இருக்கிறது. ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எழும்பூரில் இருக்கும் கையை மரக்காணத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே கேள்வி.

இங்கேதான் விஆர் கண்ணாடி வருகிறது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தலையில் மாட்டும் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் ஓடும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், குனிந்தால் மேசை நெருங்கும். லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் ஜோஷுவா ஷெர்மனும் டாட் சாங்கும் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி இரண்டு காட்சிகளை உருவாக்கினார்கள். ஒன்றில் குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை. மற்றதில் ஒவ்வாமையால் பிள்ளையின் மூச்சு அடைபடுகிறது. பயிற்சி பெறுகிறவர் என்ன செய்கிறாரோ அதற்கேற்பக் குழந்தை தேறும், அல்லது மோசமாகும். பக்கத்தில் பெற்றோர் நிற்பார்கள், பதறுவார்கள். சென்னையிலேயே மெடிசிம் விஆர் என்ற நிறுவனம் மருத்துவப் பயிற்சிக்கு இத்தகைய காட்சிகளைச் செய்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் மணிவண்ணன் குழுவினர், கண்ணோடு நிற்காமல் தொடு உணர்வையும் மெய்நிகர் உலகுக்குள் கொண்டுவர நெடுங்காலமாக உழைக்கிறார்கள்.

நானும் மாட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவள்தானே, வேடிக்கையாக இருக்கும் என்றுதான் போனேன். மேசையில் ஒரு குழந்தை. நெஞ்சுக்குழி உள்வாங்குகிறது. திரையில் ஆக்சிஜன் அளவு 91, 88, 84 என்று இறங்குகிறது. என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அது வெறும் படம் என்று என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு முன் எரியாத விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே உணர்வு. அந்தப் பதற்றத்தை வகுப்பறைப் பலகையில் யாராலும் வரைந்து காட்ட முடியாது. முதல் பதற்றம் உண்மையான குழந்தையின் முன்னால் வராமல் பொய்க் குழந்தையின் முன்னால் வந்து போகட்டும். முடிந்ததும் கருவி சொல்கிறது: குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன் மானிட்டரை எத்தனை விநாடி பார்த்தீர்கள், மாஸ்க்கை எடுக்க எத்தனை விநாடி ஆனது என்று. திட்டவில்லை, இன்னொரு முறை செய்கிறீர்களா என்று மட்டும் கேட்டது. இன்னொரு முறை செய்தேன்.

எனக்குப் பின் மாட்டிக்கொண்ட இளம் செவிலியர் கழற்றியதும் ஒன்று சொன்னார். "காட்சியில அந்த அம்மா இங்கிலீஷ்ல அழறாங்க மேடம். என் வார்டுல யாரும் அப்படி அழ மாட்டாங்க."

இந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது. நம் தாய்மார்கள் மருத்துவம் படிக்காதவர்கள். ஆனால் மூச்சைப் பற்றிப் பேச அவர்களிடம் இருக்கும் சொற்கள் எங்கள் பாடநூலை விடக் கூர்மையானவை. "இரைக்குது" என்றால் காற்றை வெளியே விடும்போது மெல்லிய விசில் சத்தம், சிக்கல் கீழே நுரையீரலின் சிறுகுழாய்களில். "மூச்சு இழுக்கும்போது கர்ருனு சத்தம் வருது" என்றால் சிக்கல் மேலே, தொண்டையில். "கொறகொறங்குது" என்றால் சளியும் எச்சிலும் தேங்கியிருக்கின்றன, முதலில் உறிஞ்சி எடு. "தூங்கும்போது குறட்டை மாதிரி" என்றால், வலிப்புக்குப் பின் மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு நாக்கு பின்னே விழுந்திருக்கிறது, தாடையைத் தூக்கு. "முனகுறான்" என்றால் நுரையீரல் தன்னைத் திறந்து வைத்துக்கொள்ளப் போராடுகிறது, அலட்சியம் செய்யாதே. "புரை ஏறிடுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்றால் சரியாகவில்லை, பொருள் கீழே இறங்கியிருக்கலாம். "இப்பத்தான் அழுகையை நிறுத்தினான், தூங்குறான்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான வாக்கியம். களைத்துப்போன குழந்தையும் அமைதியாகத்தான் இருக்கும்.

விஆர் காட்சியில் வரும் தாய் இப்படிப் பேச வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துப் பேச்சில், "யக்கா, புள்ள மூச்சு விட மாட்டேங்குது" என்று செவிலியரின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆயா தலையில் தட்ட வேண்டும், இன்னொருவர் தண்ணீர் கொடுக்கச் சொல்ல வேண்டும், ஒருவர் விரலை விட்டு எடுக்கப் பார்க்க வேண்டும். இவர்களைச் சமாளித்துக்கொண்டு குழந்தையைப் பார்ப்பதும் திறனில் சேர்ந்தது. செய்து தரும் மென்பொருள் நிபுணர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வாரம் இங்கே வந்து தாய்மார்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றும் கேட்பேன். காட்சியில் சில தடவை லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரியக் கூடாது. சிலிண்டரைத் திறந்தால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அலமாரிச் சாவி வேறு ஆளிடம் இருக்க வேண்டும். மின்சாரம் போக வேண்டும். எல்லாம் பளபளவென்று வேலை செய்யும் அறையில் பழகியவர், ஒன்று வேலை செய்யாதபோது என்னைப் போல நின்றுவிடுவார். எரியாத விளக்கைப் பத்து முறை பொய்யாகச் சந்தித்தவர், பதினோராவது முறை அதைக் கீழே வைத்துவிட்டுத் துண்டைத் தேடுவார். அதோடு, பணி தொடங்கும்போதே விளக்கை எரித்துப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். உப்புக்காற்று ஊரில் அது பாதி வைத்தியம்.

கண்ணாடியால் முடியாததையும் சொல்ல வேண்டும். அது கண்ணைப் பழக்கும், வரிசையைப் பழக்கும், முடிவெடுப்பதைப் பழக்கும். மூன்று விரல் தாடை எலும்பில் நிற்கும் அந்த உணர்வைப் பழக்காது. மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிவது உள்ளங்கைக்குத்தான் தெரியும். அதற்குப் பொம்மை வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ரேச்சல் உமோரனும் சக ஆய்வாளர்களும் நைஜீரியாவிலும் கென்யாவிலும் பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சியைக் கைப்பேசியில் ஓடும் எளிய விஆர் காட்சியாக மாற்றினார்கள். செவிலியர்களும் மருத்துவச்சிகளும் வேலையிடத்திலேயே அதைப் பழகினார்கள். அங்கேயும் தண்ணீர் நிரப்பும் விலை குறைந்த பொம்மையைக் கைவிடவில்லை. கண்ணாடி ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கம். நைஜீரியாவின் லாகோஸில் முடிந்தது மரக்காணத்தில் முடியாதா? மூச்சு விடும், அழும், நிறம் மாறும் உயர்ரகப் பொம்மை ஒன்று பல லட்சம். தனியே இயங்கும் விஆர் கண்ணாடி ஒரு நல்ல கைப்பேசியின் விலை. அதையும் உப்புக்காற்று விடாது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்க வேண்டும், முகத்தில் படும் பஞ்சை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும். சிலருக்குத் தலைசுற்றும், அவர்கள் உட்கார்ந்து செய்யட்டும்.

புதிய கருவி எதுவும் முதலில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும், பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, பழசானபின் வட்டாரத்துக்கு வரும். இந்தக் கருவி விஷயத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று மேடையில் இருக்கும் அதிகாரிகளை உரிமையோடு கேட்கிறேன். கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் தினமும் வருகிறார்கள். அங்கே கை தானாகப் பழகும். குழந்தை அரிதாக வரும் இடத்துக்கு இது முதலில் வர வேண்டும். செவிலியரை மூன்று நாள் வகுப்புக்கு வெளியூர் அனுப்பி, அவர் இடத்தில் ஆளில்லாமல் தவிப்பதைவிட, மாதம் ஒரு முறை பத்து நிமிடம், இரவுப் பணி மாறும் நேரத்தில், அவர் நிற்கும் அறையிலேயே போதும். அந்தப் பத்து நிமிடத்தைப் பணி நேரமாகவே கணக்கில் எழுதுங்கள். 108 தோழர்களையும் அதே அறையில் சேர்த்துப் பழக விடுங்கள். குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும் அந்த அரை நிமிடத்தில் நழுவிப்போன மூச்சுகளை நான் அறிவேன்.

கருவியில் இன்னொரு நன்மை, பாடம் மாறினால் உடனே மாற்றலாம். 1974-இல் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர், தொண்டையில் பொருள் சிக்கியவருக்கு வயிற்றை அமுக்கும் முறையைச் சொன்னார். முதுகில் தட்டுவது சாவுத் தட்டு என்றே அவர் பேசினார். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வயிற்றை அமுக்குவதையே முதலில் கற்பித்தார்கள். 2025 அக்டோபரில் வந்த அமெரிக்க இதய சங்கத்தின் நெறிமுறை மறுபடி முதுகுத் தட்டலிலிருந்து தொடங்குகிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அமுக்கு, மாறி மாறி. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வயிற்றைத் தொடவே கூடாது. முதுகில் ஐந்து, நெஞ்சில் ஐந்து. இருமிக்கொண்டோ அழுதுகொண்டோ இருக்கும் பிள்ளையைத் தட்டாதீர்கள், இருமட்டும். சத்தமே வராமல் வாயைத் திறந்து மூடும் பிள்ளைக்குத்தான் இது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக விரலை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள்.

சொல்லிக் கேட்டால் இது நிற்காது, செய்தால்தான் நிற்கும். மண்டபத்தின் இடப்பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் கண்ணாடி, செவிலியர்களுக்கும் ஊர்தித் தோழர்களுக்கும். மற்றதில் மூன்று பொம்மைகளும் சில துண்டுகளும், மற்ற எல்லோருக்கும். குழந்தையை முன்கையின் மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக, தாடையை விரலால் தாங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்ட வேண்டும். எவ்வளவு பலமாக என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொம்மையில் தட்டிப் பாருங்கள், பக்கத்தில் நின்று சொல்கிறேன். எட்டு வயது அக்காக்களையும் கூட்டி வாருங்கள், அவர்கள் உயரத்துக்கு ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறேன். விடியற்காலை அளத்துக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வந்துவிடுங்கள். அதிகாரிகளும் மற்றவர்களும் சற்றுப் பொறுத்து வரலாம்.